வால் விரியும் கோணம்: சண்டை மீன், கண்காட்சி, தரம் - ஒரு வரலாற்றுக் குறிப்பு

1

“இது ஷோவுக்குத் தேறுமாண்ணா?”

காஞ்சிபுரத்து மீன்தொட்டிக் கடைகளில், கோப்பைக்கு ஒன்றாக அடுக்கி வைத்த ஃபைட்டர் மீன்களின் முன் நின்று பையன்கள் கேட்கும் கேள்வி இது. கடைக்காரர் ஒரு சின்னக் கண்ணாடியைக் கோப்பையோரம் காட்டுகிறார். தன் பிம்பத்தை வேறொரு ஆண் மீன் என்று எண்ணிக்கொண்ட மீன், செவுள்மூடியைப் புடைத்து, துடுப்புகளை விறைத்து, வாலை விசிறியாக்கிக் காட்டுகிறது. “பாத்தியா, ஹாஃப்மூன்!” வால் அரைவட்டமாக விரிந்தால் ஒரு விலை, விரியாமல் தொங்கினால் வேறு விலை. பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது.

நாம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. ‘தேறுமா’ என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று கவனிக்கலாம். நோயாளி தேறுகிறான். மாணவன் பரீட்சையில் தேறுகிறான். வரவு செலவு போக “ஆயிரம் ரூபா தேறும்” என்கிறோம். மூன்று இடத்திலும் தேறுவது ஒருவர், தேறியது என்று சொல்வது இன்னொருவர்: வைத்தியர், வாத்தியார், கணக்கர். சொல்கிறவர் இல்லாமல் தேறுதல் கிடையாது. ‘தரம்’ என்பதோ இன்னும் அழுத்தமான சொல், அது வரிச்சொல். சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலம் தரம் பிரிக்கப்பட்டது. தரம் இடப்படாத நிலத்துக்கு ‘தரமிலி’ என்று பெயர். பின்னால் பிரிட்டிஷாரின் ரயத்துவாரி முறையும் மண்ணை வகைவகையாகப் பிரித்துத் தரம் குறித்தது. வருவாய்த் துறைப் பதிவேட்டில் அந்தக் கட்டம் இன்னும் இருக்கிறது. ஆக, தரம் என்பது மண்ணுக்குள் கிடக்கும் ஒரு பண்பு மட்டுமில்லை; மண்ணுக்கும் மண்ணிடமிருந்து வசூலிக்க வந்தவனுக்கும் இடையிலான உறவு அது. தன் தரம் என்னவென்று நிலத்துக்குத் தெரியாது. மீனுக்கும் தெரியாது.

இக்கட்டுரை சொல்ல முனைவது இதுதான்: ஒரு காலத்தில் சண்டைக்களத்தில் மீனே தன் உடலால் வழங்கி வந்த தீர்ப்பை, மனிதக் கண் தன் வசம் எடுத்துக்கொண்ட வரலாற்றுக்குத்தான் ‘கண்காட்சித் தரம்’ என்று பெயர். எடுத்துக்கொண்ட பிறகும் அந்தக் கண்ணால் சண்டை இல்லாமல் பார்க்க முடியவில்லை என்பதுதான் சிக்கல்.

2

தாய்லாந்துக்காரர்கள் இந்த மீனை ‘ப்ளா கட்’ என்கிறார்கள். கடிக்கும் மீன் என்று பொருள். வயல், சதுப்பு, தேங்கிய ஓடை என்று வாழ்ந்த காட்டு மீனிலிருந்து வளர்ப்பு மீன் பிரிந்து குறைந்தது ஆயிரம் ஆண்டாவது ஆகியிருக்கும் என்று 2022இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அந்த நீண்ட காலத்தின் பெரும்பகுதியில் மனிதர்கள் இதைத் தேர்ந்தெடுத்தது சண்டைக்காக, வாலுக்காக அல்ல.

ஐரோப்பிய அறிவியலுக்கு இந்த மீன் வந்த வழியும் நம் பக்கமாகத்தான் போகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய தியோடர் காண்டர் என்ற டேனிஷ் மருத்துவருக்கு, சயாம் மன்னர் ஒரு நண்பர்வழி 1840இல் கொடுத்த மீன்கள் கிடைத்தன. 1849இல் அவர் அவற்றைப் பற்றி எழுதினார். மீன் சண்டையைச் சயாம் மக்கள் வெறிகொண்டு ரசிக்கிறார்கள், சண்டை நடத்துவதற்கான உரிமம் குத்தகைக்கு விடப்படுகிறது, அதிலிருந்து அரசனுக்குக் கணிசமான வருமானம் வருகிறது என்று அவர் பதிவு செய்தார். தரத்துக்கும் வசூலுக்கும் உள்ள உறவு இங்கேயும் தலைகாட்டுகிறது. 1935ஆம் ஆண்டின் தாய்லாந்துச் சூதாட்டச் சட்டமும் மீன் சண்டையை உரிமத்துக்குள்தான் கொண்டுவந்தது.

காண்டர் இதைப் ‘புக்னாக்ஸ்’ என்ற பெயரின் கீழ் வைத்தார். சண்டைக் குணமுள்ளது என்று பொருள். அந்தப் பெயர் வேறொரு இனத்துக்கு உரியது என்று தெரியவந்ததால், 1910இல் சார்லஸ் டேட் ரீகன் இதற்கு ‘பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ்’ என்று புதுப்பெயர் சூட்டினார். ஒளிர்வது, பகட்டானது என்று பொருள். பெயர் மாறியதற்குக் காரணம் வெறும் வகைப்பாட்டுச் சிக்கல்தான். அதில் சதி எதையும் தேட வேண்டியதில்லை. ஆனாலும் அதன்பின் இந்த மீனின் வரலாறு போன திசை அந்தப் பெயர் மாற்றத்தில் அப்படியே இருக்கிறது: சண்டைக்காரன் பகட்டுக்காரன் ஆனான்.

களத்துத் தீர்ப்பு எப்படி நடந்தது? இரண்டு ஆண் மீன்களை ஒரு பாத்திரத்தில் விடுவார்கள். எது கூடுதலாகக் கிழிபட்டது என்பது முக்கியமில்லை. எது முதலில் திரும்பிக்கொண்டு விலகியதோ அது தோற்றது. சுற்றியிருப்பவர்கள் பந்தயம் கட்டுவார்கள், கூச்சல் போடுவார்கள், ஆனால் அவர்கள் சாட்சிகள் மட்டுமே. பாலித்தீவின் சேவற்சண்டை பற்றிக் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1972இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, களத்தில் மோதுவது சேவல்கள் மட்டுமல்ல, அவற்றின் உடைமையாளர்களின் அந்தஸ்தும்தான் என்று காட்டியது. சரிதான். ஆனால் அங்கேயும் கடைசிச் சொல் சேவலுடையது. அந்தஸ்துள்ளவன் சேவல் ஓடிவிட்டால் ஓடியதுதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். களத்தில் நீண்ட வால் பாரம். எதிரி கடிப்பதற்கு வாகான இடம். சண்டைக்கென்று வளர்க்கப்பட்ட மீன்கள் குட்டை வாலும் கட்டுமஸ்தான உடலும் கொண்டவை. இன்று மேசைமேல் பரிசு வாங்கும் வாலைக் களத்தில் விட்டால் முதல் சுற்றிலேயே கிழிந்துபோகும். ஒரே உறுப்பு, ஓரிடத்தில் குறை, இன்னோரிடத்தில் நிறை.

இந்த மீனைக் கோப்பையில் வைக்க முடிவதன் காரணமும் இங்கே சேர வேண்டும். இதற்குத் தலைக்குள் காற்றைச் சுவாசிக்கும் சிக்கலான ஓர் உறுப்பு உண்டு. நம்மூர்ப் பனையேறிக் கெண்டைக்கும் அதே உறுப்புதான். தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் படையதிகாரி, 1791இல் ஒரு பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த கெண்டையைத் தாம் பிடித்ததாக எழுதி, அது 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அச்சானது. நீரில் உயிர்வளி குறைந்தாலும் மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துத் தாக்குப்பிடிக்கும் இந்தத் திறன், சேற்றில் பிழைப்பதற்காக உருவானது. மனிதனோ அதைக் கோப்பைக்கான அனுமதிச் சீட்டாகப் படித்தான். வேறெந்த மீனையும் இப்படித் தனித்தனிக் குப்பியில் வரிசையாக நிறுத்தி, எண் ஒட்டி, ஒவ்வொன்றாகப் பரிசோதிக்க முடிந்திருக்காது. கண்காட்சிக்குத் தேவையான சிறைக்கூடத்தை மீன் தன் தலையிலேயே சுமந்து வந்தது எனலாம்.

3

களத்திலிருந்து மேசைக்கு வந்த பயணம் மீனுக்கு முன்பே சேவலுக்கு நடந்துவிட்டது. இங்கிலாந்தில் 1835ஆம் ஆண்டின் விலங்கு வதைச் சட்டம் சேவற்சண்டைக் களங்களைத் தடைசெய்தது. பத்தாண்டு கழித்து 1845இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் கோழிக் கண்காட்சி நடந்தது. 1865இல் கோழிகளுக்கான முதல் தர நூல் டெகட்மெயரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியானது. சண்டைச் சேவல் வளர்த்தவர்கள் கண்காட்சிக்கு மாறினார்கள். விளைவு என்ன? நெட்டைக் கால், நீண்ட கழுத்து, ஒட்டிய இறகு என்று ‘மாடர்ன் கேம்’ என்ற புது வகை பிறந்தது. பெயரில் சண்டை இருந்தது, உடலில் இல்லை. ஒரே நூற்றாண்டுக்குள் சண்டைக்காரன் தன் சாயலுக்கு வேடம் போட்டுக் காட்டும் நடிகனானான்.

வெளிநாட்டுக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். திண்டுக்கல் வட்டாரத்தில் நடக்கும் கிளிமூக்கு, விசிறிவால் சேவல் கண்காட்சிகளைப் பாருங்கள். கட்டுச்சேவல் மரபிலிருந்து வந்த பறவைதான். கிளியின் அலகுபோல் வளைந்த மூக்கும், தரையைத் தொட்டு விரியும் வாலும் அங்கே மதிப்பு. சண்டையில் அந்த வாலால் என்ன பயன்? ஒன்றுமில்லை. களத்துக்காரர் கேட்டால், “அது வெறும் அலங்காரம்” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். வளர்ப்பவர் கேட்டால், “இதுதாங்க ஒரிஜினல் அழகு” என்பார். இரண்டு பேரும் பேசுவது ஒரே பறவையைப் பற்றி.

மீன் இந்தப் பாதையில் பிந்தித்தான் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் பிரான்சிலும் ஜெர்மனியிலும், பின்னர் அமெரிக்காவிலும் வளர்க்கத் தொடங்கினார்கள். 1927இல் கலிஃபோர்னியாவின் ஃப்ராங்க் லாக் என்பவருக்கு வந்த சரக்கில், வெளிறிய உடலும் சிவந்த நீள்துடுப்பும் கொண்ட மீன்கள் இருந்தன. இது புதிய இனம் என்று நினைத்து ‘பெட்டா கம்போடியா’ என்று பெயரிட்டார். புதிய இனமெல்லாம் இல்லை. அதே மீனின் நிற வேறுபாடுதான். ஆனால் அங்கே ஒரு திருப்பம் நிகழ்ந்துவிட்டது. இனி மீன் என்ன செய்கிறது என்பது இரண்டாம்பட்சம், எப்படித் தெரிகிறது என்பதே முதற்கேள்வி. 1930களிலிருந்து நிறங்கள் எப்படித் தலைமுறை தாண்டுகின்றன என்று மரபியலாளர்கள் கணக்கிட்டார்கள். 1966இல் அமெரிக்காவில் அனைத்துலக பெட்டா காங்கிரஸ் என்ற அமைப்பு தோன்றியது. தர விதிகள் எழுதப்பட்டன, நடுவர்கள் பயிற்றுவிக்கப்பட்டார்கள்.

1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் அமெரிக்காவிலும் பிரான்சிலும் சில வளர்ப்பாளர்கள் வால் முழு அரைவட்டமாக, 180 பாகைக்கு விரியும் மீனை நிலைநிறுத்தினார்கள். அதற்கு ‘ஹாஃப்மூன்’ என்று பெயர். அதுவரை கடைத்தெரு முழுக்க ஆண்ட, பாவாடைபோல் கீழே சரிந்து தொங்கும் ‘வெய்ல்டெயில்’ ஒரே தலைமுறைக்குள் சாதாரணச் சரக்காகிவிட்டது. மீனில் எந்த மாற்றமும் இல்லை. அளவுகோல் மாறியது, மீன் கீழிறங்கியது. 1990களின் பிற்பகுதியில் ஜகார்த்தாவிலிருந்து இன்னொன்று வந்தது: கதிர்களுக்கு நடுவிலுள்ள சவ்வு குறைந்து, கதிர்முனைகள் முட்களாக நீண்ட வால். பழைய கண்ணுக்கு அது கிழிந்த துடுப்பு. புதிய கண்ணுக்குக் கிரீடம், ‘க்ரவுன்டெயில்’. குறை என்று கழித்திருக்க வேண்டியதற்குத் தனி வகுப்பு, தனி விதி, தனிப் பரிசு. தரம் என்றைக்கும் இருப்பது, இயற்கையானது என்று நம்புகிறவர்கள் இந்த வாலைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

4

சரி, நடுவர் என்னதான் பார்க்கிறார்? அதை முழுதாகச் சொல்லாமல் அதிகாரம், கட்டமைப்பு என்று பேசிக்கொண்டே போவது நியாயமில்லை.

முதலில் உடல். தலையிலிருந்து முதுகு வழியாக வால் வரை ஓடும் கோடு மேடு பள்ளமில்லாமல் போக வேண்டும். நெற்றி கரண்டிபோல் குழிந்திருந்தால் குறை. கூன் இருந்தால் பெருங்குறை. உடலுக்கும் துடுப்புக்கும் அளவுப் பொருத்தம் வேண்டும். பெரிய வாலை இழுத்துக்கொண்டு திரியும் சின்ன உடல் எடுபடாது. அடுத்து துடுப்புகள். முதுகுத் துடுப்பு, வால், அடித்துடுப்பு மூன்றும் விரியும்போது ஒன்றையொன்று தொட்டு ஒரே வட்டத்தின் பகுதிகள்போலத் தெரிய வேண்டும். ஹாஃப்மூன் என்றால் வாலின் மேலோரமும் கீழோரமும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். முனைகள் உருண்டுபோகாமல் கூராக முடிய வேண்டும். க்ரவுன்டெயில் என்றால் சவ்வு குறைந்தது மூன்றிலொரு பங்காவது உள்வாங்கியிருக்க வேண்டும். வயிற்றடியில் தொங்கும் இரண்டு துடுப்புகளும் சம நீளம், ஒன்றின்மேல் ஒன்று பின்னக்கூடாது. பிறகு நிறம். ஒருநிற மீனில் வேறு நிறத்தின் கறை இருக்கக் கூடாது. பலநிற மீனில் நிறங்களின் எல்லை தெளிவாக இருக்க வேண்டும். கடைசியாக நிலை: கிழிசல், ஓட்டை, ஒட்டிய துடுப்பு, நோய் இல்லாமல், சுறுசுறுப்பாக விரித்துக் காட்ட வேண்டும். நான்கைந்து மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் இருக்கும் மீன்தான் பெரும்பாலும் இதையெல்லாம் ஒன்றாகக் காட்டும். வயதானால் துடுப்பு கனத்துத் தொங்கும்.

இந்தப் பட்டியலைத் திரும்பப் படித்தால் ஒன்று தெரியும். எல்லாம் குறைகளின் பட்டியல். அற்பக் குறை, சிறுகுறை, பெருங்குறை, கடுங்குறை, தகுதியிழப்பு என்று குறைகளைத்தான் படிநிலைப்படுத்தியிருக்கிறார்கள். நிறைவான மீன் விதிப்புத்தகத்தின் கோட்டோவியத்தில் மட்டும் இருக்கிறது. தொட்டியில் இருப்பவையெல்லாம் அதிலிருந்து இவ்வளவு தூரம் விலகியவை. காஞ்சிபுரத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி உத்திரமேரூரில் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் (919, 921) இதே வேலையைத்தான் செய்கின்றன. குடவோலைக்கு யார் தகுதி என்று தொடங்கி, 35 வயதுக்குக் குறையாமல் 70க்கு மிகாமல், கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு என்று சொல்லிவிட்டு, யாரெல்லாம் தகுதியற்றவர் என்பதைத்தான் நீளமாக அடுக்குகின்றன: கணக்குக் காட்டாதவர், அவருடைய உறவுமுறையார், இன்ன இன்ன குற்றம் செய்தவர். தகுதியை வரையறுக்கும் எந்த நிறுவனமும் கடைசியில் கழிப்பதற்கான பட்டியலைத்தான் எழுதி வைக்கிறது. ஃபூக்கோ 1975இல் எழுதிய தண்டனை வரலாற்றில், பொது இடத்தில் உடலைச் சிதைக்கும் காட்சி மறைந்து, ஒவ்வொருவரையும் தனித்தனியே நிறுத்திப் பரிசோதித்துப் பதிவு செய்யும் ‘தேர்வு’ அந்த இடத்துக்கு வந்ததை விவரிக்கிறார். சண்டைப் பாத்திரத்திலிருந்து எண் ஒட்டிய கண்ணாடிக் குப்பிக்கு மீன் வந்த கதையை அதன் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

ஆனால் முழுதாகப் பொருந்தாத ஓர் இடம் இருக்கிறது. அதுதான் முக்கியம். கண்காட்சி மேசையில் குப்பிகளுக்கு நடுவே அட்டை வைத்திருப்பார்கள், மீன்கள் ஒன்றையொன்று பார்க்காதபடி. நடுவர் வந்ததும் அட்டையை எடுப்பார்கள். பக்கத்து மீன் தெரிகிறது. உடனே செவுள் புடைக்கிறது, வால் விரிகிறது. அந்த நொடியில்தான் 180 பாகை அளக்கப்படுகிறது. அமைதியாக இருக்கும் மீனில் அந்தக் கோணம் கிடையாது! அரைவட்டம் என்பது மீனின் வடிவம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது மீனின் கோபம். சண்டையை ஒழித்துவிட்டு அழகை மட்டும் எடுத்துக்கொண்டோம் என்ற நாகரிகக் கதை இங்கே உடைகிறது. சண்டை ஒழிக்கப்படவில்லை. முதல் நொடியிலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. தொடுவதற்கு முன்னால் அட்டை திரும்ப விழுகிறது. களத்தில் ஒரு சண்டை, அதற்கு ஒரு முடிவு. மேசையில் முடிவே இல்லாத சண்டைத் தொடக்கங்கள்.

இந்தியச் சட்டத்தின் கண்ணிலும் இந்தக் கோடு மெல்லியதுதான். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் விலங்கு என்பதற்கு மனிதர் அல்லாத எந்த உயிரும் என்று பொருள் சொல்கிறது. ஆக மீனும் விலங்குதான். விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவது அதன்படி குற்றம். கண்ணாடி காட்டுவது தூண்டுதலா, இல்லையா? கடிபடவில்லை, ரத்தம் இல்லை, ஆகவே இல்லை என்பதே நடைமுறை. மீனின் பக்கமிருந்து யாரும் கேட்டதில்லை.

5

அந்தச் சட்டத்தின் பின்னால் இருந்தவரை இங்கே நினைவுகூர வேண்டும். 1953இல் மாநிலங்களவையில் விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். அரசே சட்டம் கொண்டுவரும் என்ற நேருவின் உறுதிமொழியின் பேரில் அவர் அதை விலக்கிக்கொண்டார். 1960 சட்டம் அதன் தொடர்ச்சி. அதே ருக்மிணி தேவி 1937இல் கலாக்ஷேத்திராவில் தறி போட்டு, அகலக் கரையும் அழுத்தமான நிறமும் கொண்ட பழைய காஞ்சிபுரச் சேலை வகைகளை மீட்டெடுத்தார். எது ‘அசல்’ காஞ்சிப்பட்டு என்று நகரத்து நடுத்தர வர்க்கம் இன்று மனத்தில் வைத்திருக்கும் சித்திரத்தில் அந்தத் தறிக்குப் பெரும் பங்கு உண்டு. சதிர் ‘தூய்மை’ பெற்றுப் பரதநாட்டியமாக அரங்கேறிய கதையைத் தமிழில் பலர் எழுதிவிட்டார்கள். வதையை நீக்குவதும் தரத்தை நிறுவுவதும் ஒரே கையால் நடந்தன என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம். இரண்டுக்கும் பின்னால் இருந்தது ஒரே ஆசை: முரட்டுத்தனத்தைக் கழுவிவிட்டு அழகை வைத்துக்கொள்வது.

காஞ்சிபுரத்துக்குத் தரம் பார்க்கும் கண் புதிதில்லை. கரையை ஒரு நிறத்திலும் உடலை ஒரு நிறத்திலும் தனித்தனி நாடாவால் நெய்து கோர்க்கும் கோர்வைச் சேலையை விரித்து, கரை சேரும் இடத்தில் விரலை ஓட்டிப் பார்ப்பார்கள். முந்தி வேறு பாவு என்றால் இணைத்த இடத்தில் பேட்னி ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பின்பக்கம் திருப்பி இழை அறுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். எடை போடுவார்கள். ஜரிகையில் எத்தனை விழுக்காடு வெள்ளி, எத்தனை தங்கம் என்று இப்போது கருவி வைத்தே சொல்லிவிடுகிறார்கள். 2005இல் புவிசார் குறியீடு வந்தபின் இதெல்லாம் எழுத்திலும் ஏறிவிட்டது. பழுது கண்டால் நெய்தவர் கூலியில் பிடித்தம். பார்க்கிறவர் நெய்வதில்லை, நெய்கிறவர் தீர்ப்புச் சொல்வதில்லை. கோர்வை போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை வீசிக்கொடுத்த இன்னொரு ஆளின் பெயர் தரச்சீட்டில் வருவதுமில்லை.

மீன் உலகத்திலும் இதே கண்தான். ஒரு வித்தியாசம்: சேலையில் பழுது விழுந்தால் இழப்பு நெசவாளிக்கு. மீனில் பழுது இருந்தால் இழப்பு மீனுக்கே. ஒரு சோடி, ஒரு முறை கூடினால் சில நூறு குஞ்சுகள் வரலாம். ஆண் மீன் நுரைக்கூடு கட்டி, விழுகிற முட்டையை வாயால் கவ்வித் திரும்பக் கூட்டில் வைத்து, தகப்பனாகக் காவல் காக்கிறது. குஞ்சுகள் இரண்டு மூன்று மாதத்தில் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கும். ஒவ்வொரு ஆணையும் தனிக் குப்பிக்கு மாற்ற வேண்டும். நூறு ஆண் என்றால் நூறு குப்பி, நூறு முறை தண்ணீர் மாற்று. இடமும் கையும் கொள்ளாது. எனவே கழிப்பு அழகியலுக்கு முன்பே கணக்காகத் தொடங்குகிறது. விரல்விட்டு எண்ணக்கூடியவை கண்காட்சிக்கு. மற்றவை ‘பெட் குவாலிட்டி’ என்று மொத்தமாகக் கைமாறுகின்றன. கூனும் குழியும் உள்ளவை அதற்கும் கீழே போய்விடுகின்றன.

கொளத்தூரின் வீட்டு மாடிகளிலும் கொல்லைகளிலும் வண்ணமீன் வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்களின் அன்றாடம் இந்தத் தேறாதவற்றின்மேல்தான் நிற்கிறது. கண்காட்சி மீன் ஒன்று மேடையேற, அடியில் அத்தனை கோப்பைகள் தேவை. மேலே இருப்பதன் பெயர் தரம் என்றால், கீழே இருப்பதற்கு வியாபாரத்தில் பெயர் ‘லாட்’. 2017 மே மாதம் மத்திய அரசு மீன்தொட்டிக் கடைகளுக்கென்று விதிகளை வெளியிட்டு, மீனைக் கிண்ணத்தில் வைப்பதைத் தடைசெய்தது. வளர்ப்போரும் வியாபாரிகளும் எதிர்த்தார்கள். பின்னர் விதிகள் திரும்பப் பெறப்பட்டன. அந்த விதிகளில் நடைமுறைக்கு ஒவ்வாதவை பல இருந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தச் சச்சரவில் கோப்பை பற்றிய கேள்வியும் சேர்ந்து அடங்கிப்போனது.

6

ஆகவே தரமே வேண்டாம், எல்லாம் அதிகாரத்தின் விளையாட்டு என்று முடித்துவிடலாமா? சுலபமான முடிவு. ஆனால் பொய்.

‘ரோஸ்டெயில்’ என்ற வாலை எடுத்துக்கொள்வோம். ஹாஃப்மூன் வேண்டும் என்று வால் கதிர்களை மேலும் மேலும் கிளைக்கவைத்ததில், இதழ் இதழாக மடிந்த ரோஜாபோன்ற வால் வந்தது. பார்க்கிறவர் மயங்குவார், கடையில் நல்ல விலை. மீனோ அதைத் தூக்கிக்கொண்டு நீந்த முடியாமல் தரையில் சாய்கிறது, சில தன் வாலையே கடித்துத் துப்புகின்றன. இங்கே எதிர்த்து நின்றது எது? எழுதப்பட்ட தர விதிதான். அளவுக்கு மீறிய கிளைப்பு அதில் குறை. சந்தை கொண்டாடியதை நடுவர் மேசை மறுத்தது. எழுதி வைத்த விதி என்பதால் அதைக் காட்டி வாதாட முடிகிறது. கடைக்காரரின் “சூப்பர் மீன் சார்” என்ற சொல்லோடு வாதாட முடியாது. கோர்வையின் பெயரால் விசைத்தறிச் சேலையைத் தள்ளிவைக்க நெசவாளிக்குக் கையில் இருப்பதும் ஒரு தர வரையறைதான். தரம் ஆளுகிறது, சில சமயம் காப்பாற்றவும் செய்கிறது. எது எப்போது என்று ஒவ்வொரு விதியையும் தனித்தனியே பிரித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பிரித்துப் பார்க்க ஓர் உரைகல் உண்டு என்று தோன்றுகிறது. ஒரு விதி மீனின் வாழ்க்கைக்குள் ஏதாவது ஒன்றைத் தொடுகிறதா, அல்லது ஓவியத்தை மட்டும் தொடுகிறதா? நேரான முதுகு, மூடித் திறக்கும் செவுள், உடல் தாங்கும் அளவிலான துடுப்பு: இவை மீனுக்கும் வேண்டியவை. கூர் முனை, கறையற்ற ஒற்றை நிறம், சரியாக 180: இவை நமக்கு மட்டும் வேண்டியவை. நமக்கு வேண்டியதைக் கேட்பதில் பாவம் ஒன்றுமில்லை. முன்னதை விட்டுக்கொடுத்துப் பின்னதை வாங்கும்போதுதான் தரம் வதையாகிறது. இப்போது வழக்கிலுள்ள வரிசை தலைகீழ்: முதலில் கண்ணாடி, முதலில் வால். வரிசையை மாற்றலாம். கண்ணாடியைப் பையில் வைத்துவிட்டு, கோபம் இல்லாத மீனைக் கால்மணி நேரம் பார்க்கலாம். நேராக நீந்துகிறதா, மேலே வந்து மூச்சிழுக்கச் சிரமப்படுகிறதா, இரைக்கு வருகிறதா, நுரை கட்டுகிறதா. இந்தப் பரீட்சையில் கடையோரக் கோப்பையில் கிடக்கும் பழைய வெய்ல்டெயில் தேறிவிடும்; விலையுயர்ந்த பல வால்கள் தேறா. அதன்பின் கண்ணாடி காட்டி, அரைவட்டம் வருகிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டால் போதும். அப்போது பையனின் கேள்விக்கு உண்மையான பதிலும் கிடைத்திருக்கும்: ஷோவுக்கு ஆகுமா என்பது ஒரு பதில், மீனாக ஆகியிருக்கிறதா என்பது வேறொரு பதில். இரண்டும் ஒன்றல்ல.

இந்த மீனுக்கு நம் மண்ணிலேயே ஒரு பங்காளி உண்டு. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரியாங்குப்பத்து ஆற்றில் பிடித்த மாதிரியை வைத்துக் குவியே 1831இல் அதை விவரித்தார்; ‘குபானுஸ்’ என்ற அதன் பெயர் அந்த ஊர்ப் பெயரிலிருந்து வந்தது. விரல்நீளம்கூட இல்லாத பழுப்பு மீன். அதுவும் காற்றைக் குடிக்கிறது, அதுவும் நுரைக்கூடு கட்டுகிறது, அதிலும் தகப்பன்தான் காவல். அதன் வாலை யாரும் அளந்ததில்லை, அதற்கு நடுவர் இல்லை, வகுப்பு இல்லை, லாட்டும் இல்லை. வயல் வாய்க்காலில் பூச்சிமருந்து கலந்தால் செத்துப்போகும். கலக்காத இடத்தில் இருக்கும். கல்வெட்டுக்காரர்கள் கண்டிருந்தால் அதற்கு ஒரு சொல்லைத்தான் எழுதியிருப்பார்கள்: தரமிலி. அது இழிவுச் சொல் அல்ல என்பதை நாம்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.